அனிமேஷன் படம், குறும்படம், வீடியோ கேம்: ‘நன்றாக இருந்தது’ என்பதற்கு மேல் என்ன எழுதுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. பார்க்கும் அனிமேஷன் படங்கள், குறும்படங்கள், ஆடி முடிக்கும் வீடியோ கேம்கள் ஒவ்வொன்றைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதி வைக்கிறீர்கள். பிறகு எடுத்துப் படித்தால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கிறது: ‘கதை அருமை, காட்சிகள் பிரமாதம், இசை மனதைத் தொட்டது, ஐந்துக்கு நான்கு.’ இந்த மூன்றையும் ஒரே அளவுகோலால் அளக்கலாமா, வேறு எதைக் கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

ஒரே அளவுகோல் போதாது. ஆனால் அளவுகோலைப் பற்றிப் பேசுவதற்கு முன் கைவிட வேண்டிய ஒன்று உண்டு, அது கதைச் சுருக்கம். உங்கள் ஒரு பக்கத்தில் பாதியை அது விழுங்கியிருக்கும் என்று உறுதியாகச் சொல்வேன். கதையை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடலாம். உங்கள் கண் எங்கே நின்றது, உங்கள் விரல் எந்தப் பட்டனின் மேல் தயங்கியது என்பதை உங்களைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. தனிப்பட்ட விமர்சனத்துக்கு மதிப்பு வருவதே அங்கிருந்துதான். கதைக்கு இரண்டு வரி ஒதுக்குங்கள், மிச்ச இடத்தையெல்லாம் அந்தக் கணங்களுக்குக் கொடுங்கள்.

நடிகர்களை வைத்து எடுக்கும் படத்தில் தற்செயலாக வந்து சேர்பவை நிறைய. காற்றில் முடி கலையும், பின்னால் ஒரு பறவை கடந்து போகும். யாரும் கேட்காமலே அவை படத்துக்குள் வந்துவிடுகின்றன. அனிமேஷனில் அப்படி எதுவும் இலவசமாக வராது. முடி கலைகிறது என்றால் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைக் கலைத்திருக்கிறார், அதற்குப் பல நாள் உழைத்திருக்கிறார். ஆகவே கதைக்குத் தேவையே இல்லாத ஓர் அசைவைக் கண்டால் அங்கே நின்றுவிடுங்கள். படைப்பாளி எதன் மீது அன்பு வைத்திருக்கிறார் என்பது அங்கேதான் தெரியும்.

ஜப்பானிய இயக்குநர் ஹயாவோ மியாசாகியின் ‘ஸ்பிரிட்டட் அவே’ (2001) படத்தில் சிறுமி சிஹிரோ காலணியை மாட்டிக்கொண்டு ஓடப் போகிறாள். ஓடுவதற்கு முன் காலணியின் நுனியைத் தரையில் தட்டிக் காலைச் சரியாகப் பொருத்திக்கொள்கிறாள். அவ்வளவுதான். இதை வெட்டி எறிந்தால் கதையில் ஓர் எழுத்துகூடக் குறையாது. ஆனால் அந்தத் தட்டலுக்குப் பிறகு அவளுக்குக் கால் இருக்கிறது, உடலுக்கு எடை இருக்கிறது, அவசரத்திலும் விடாத ஒரு பழக்கம் இருக்கிறது. ஆவிகள் உலவும் குளியல் மாளிகையை நாம் நம்புவது இதனால்தான். அதே படத்தில், தண்ணீருக்கு மேல் போகும் ரயிலில் அவள் பேசாமல் உட்கார்ந்திருக்கும் நீண்ட காட்சி ஒன்று வருகிறது. நிழல் போன்ற பயணிகள் ஒவ்வொருவராக இறங்கிப் போகிறார்கள், வெளியே வெளிச்சம் மங்குகிறது, வேறொன்றும் நடப்பதில்லை. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் இத்தகைய வெற்று நேரங்களைப் பற்றிக் கேட்டபோது மியாசாகி சில முறை கை தட்டிக் காட்டினாராம்; ஒரு தட்டலுக்கும் அடுத்த தட்டலுக்கும் நடுவே இருக்கும் நேரம்தான் அது என்றாராம். உங்கள் குறிப்பில் ‘படம் நடுவில் மெதுவாகப் போகிறது’ என்று எழுதுவதற்கு முன், அந்த மெதுவான பகுதி உங்களை என்ன செய்தது என்று ஒருமுறை யோசியுங்கள். சலிப்பு என்றால் சலிப்பு என்றே எழுதலாம். ஆனால் எல்லா மெதுவும் சலிப்பு அல்ல.

அடுத்தது அசைவின் தாளம். படம் விநாடிக்கு 24 பிரேம்களாக, தனித்தனி நிலைப்படங்களாக, ஓடுகிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் புது ஓவியம் வைத்தால் அசைவு வழுக்கிக்கொண்டு போகும். ஒரே ஓவியத்தை இரண்டு பிரேம்களுக்கு நிறுத்தினால், அதாவது விநாடிக்குப் பன்னிரண்டு ஓவியங்கள் என்றால், அசைவில் ஒரு சிறிய வெடுக்கு வரும். ‘ஸ்பைடர்-மேன்: இன்டு த ஸ்பைடர்-வெர்ஸ்’ (2018) இந்த வித்தியாசத்தைக் கதை சொல்லவே பயன்படுத்தியது. புதிதாக ஸ்பைடர்-மேன் ஆன சிறுவன் மைல்ஸும் அனுபவசாலியான பீட்டரும் காட்டுக்குள் வலை வீசித் தாவும் காட்சியில், பீட்டரின் உடல் ஒவ்வொரு பிரேமிலும் மாறுகிறது. மைல்ஸின் உடல் இரண்டு பிரேமுக்கு ஒருமுறை மாறுகிறது. இருவரும் ஒரே சட்டத்துக்குள் இருக்கிறார்கள், ஒருவன் மட்டும் தாளம் பிடிபடாமல் தடுமாறுகிறான். இந்தக் கணக்கு தெரியாமலே நம் கண் அதை உணர்ந்துவிடுகிறது. ‘பையன் ஏனோ தத்தளிப்பது போலவே இருந்தது’ என்று நீங்கள் எழுதியிருந்தால் அதுவே சரியான விமர்சனம். கலைச்சொல் தெரியவில்லையே என்று தயங்க வேண்டாம்.

கோட்டையும் பாருங்கள். இசாவோ தகாஹாதாவின் ‘த டேல் ஆஃப் த பிரின்சஸ் காகுயா’ (2013) படத்தில் இளவரசி மாளிகையை விட்டு ஓடும் காட்சி இருக்கிறது. அதுவரை நீர்வண்ணத்தில் நளினமாக நகர்ந்த படம் அங்கே கலைந்துவிடுகிறது. அடுக்கடுக்கான பட்டாடைகள் பின்னால் உதிர்கின்றன, நிறங்கள் போய்விடுகின்றன, கரிக்கோடுகள் முரட்டுத்தனமாகக் கிழித்துக்கொண்டு ஓடுகின்றன, முகமே ஒரு கிறுக்கலாகிவிடுகிறது. கோபத்தைச் சொல்ல வசனமே இல்லை, கோடு மட்டும் சொல்கிறது. எனக்குத் தெரிந்து, அனிமேஷன் என்ற கலை எதற்காக இருக்கிறது என்று கேட்பவருக்குக் காட்ட இதைவிடச் சிறந்த காட்சி இல்லை. படத்தின் நடுப்பகுதி கொஞ்சம் நீளம்தான். இருந்தாலும் அந்த ஓட்டத்துக்காக அதை எத்தனை முறை வேண்டுமானாலும் பார்ப்பேன்.

கணினியில் செய்ததா, கையால் வரைந்ததா என்ற பழைய சண்டையில் நேரம் செலவிட வேண்டாம். பிராட் பேர்ட் இயக்கிய ‘த அயர்ன் ஜெயன்ட்’ (1999) படத்தில் இரும்பு ராட்சதன் கணினியில் உருவானவன், சிறுவனும் ஊர்க்காரர்களும் கையால் வரையப்பட்டவர்கள். ராட்சதனின் கோடு அளவுக்கு மீறி நேராக இருந்து தனித்துத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக, அந்தக் கோட்டைச் சற்று நடுங்க வைக்க ஒரு மென்பொருளே எழுதினார்கள். கருவி எது என்பது அங்கே ஒரு பொருட்டாகவே இல்லை, இரண்டும் ஒரே உலகில் நிற்கின்றனவா என்பதுதான் கேள்வி. நீங்களும் அதையே கேளுங்கள்.

‘குழந்தைகளுக்கான படம்’ என்ற சொல்லையும் அளந்து பயன்படுத்துங்கள். 1988 ஏப்ரல் 16 அன்று ஒரே ஸ்டூடியோவின் இரண்டு படங்கள் ஜப்பானில் ஒன்றாக வெளியாகின. ஒன்று, காட்டில் வாழும் பெரிய மென்மையான உயிரினத்தோடு இரண்டு சிறுமிகள் நட்பாகும் ‘மை நெய்பர் டொட்டோரோ’. மற்றொன்று, போரில் அநாதையாகும் அண்ணன் தங்கையைப் பற்றிய ‘கிரேவ் ஆஃப் த ஃபயர்ஃபிளைஸ்’. இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தவர்கள் எந்த மனநிலையில் வெளியே வந்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். அனிமேஷன் என்பது ஒரு வயதுக்கான வகை அல்ல. யாருக்கு ஏற்றது என்று சொல்ல விரும்பினால் ‘இந்தப் படத்தில் மரணம் நேராகக் காட்டப்படுகிறது, சிறு பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் தெரிந்துகொண்டு பாருங்கள்’ என்று விவரமாக எழுதுங்கள். படிப்பவருக்கு அது உதவும்.

குறும்படத்துக்கு வரும்போது பார்வையை மாற்றிக்கொள்ள வேண்டும். அங்கே என்ன இருக்கிறது என்பதைவிட என்ன விடப்பட்டிருக்கிறது என்பது பெரிய விஷயம். ‘இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்’ என்ற வரியை நான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் அது பாராட்டாக எழுதப்படுகிறது, ஆனால் படத்தைத் தவறவிட்ட பாராட்டு.

மிக்கேல் டுடோக் டெ விட் எடுத்த ‘ஃபாதர் அண்ட் டாட்டர்’ (2000) ஏறக்குறைய எட்டு நிமிடம். தந்தை படகில் போய்விடுகிறார். மகள் அந்தக் கரைக்கு சைக்கிளில் வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். சிறுமியாக, இளம்பெண்ணாக, தாயாக, கிழவியாக வந்துகொண்டே இருக்கிறாள். வசனம் கிடையாது. முகங்கள்கூட அருகில் காட்டப்படுவதில்லை. மெலிந்த உருவங்களும் நீண்ட நிழல்களும்தான். ஒரு கட்டத்தில் அந்தக் கிழவி சைக்கிளை நிறுத்தப் பார்க்கிறாள், அது விழுகிறது. தூக்கி நிறுத்துகிறாள், மறுபடி விழுகிறது. ஒரு வாழ்நாள் முழுவதும் அவளைச் சுமந்த சைக்கிள் இப்போது நிற்க மறுக்கிறது. அதற்குப் பின் வருவதை நான் சொல்ல மாட்டேன். ஆனால் விமர்சனம் எழுதச் சொன்னால் அந்த சைக்கிள் விழுவதைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம் எழுதுவேன். தந்தை ஏன் போனார் என்று படம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அது ஒரு குடும்பத்தின் கதையாகச் சுருங்கியிருக்கும்.

யூரி நோர்ஷ்டெயினின் ‘ஹெட்ஜ்ஹாக் இன் த ஃபாக்’ (1975) பத்து நிமிடம். ஒரு முள்ளெலி நண்பனைப் பார்க்கப் போகும் வழியில் மூடுபனிக்குள் இறங்கி வழி தவறுகிறது. அந்தப் பனி கணினி காலத்துக்கு முந்தையது. வெட்டி ஒட்டிய உருவங்களுக்கு மேல் மிக மெல்லிய தாள் ஒன்றை வைத்து, அதைப் பிரேம் பிரேமாகக் கேமராவை நோக்கி உயர்த்தியே பனியை உண்டாக்கினார்கள். இந்தச் செய்முறையைத் தெரிந்துகொண்ட பிறகும் மாயம் கெடவில்லை என்பதைக் கவனியுங்கள். வெள்ளைக் குதிரை பனியிலிருந்து வெளிப்படும்போது இப்போதும் எனக்குள் ஓர் அச்சமும் ஒரு மரியாதையும் சேர்ந்தே எழுகின்றன. செய்முறையைத் தேடிப் படிப்பது ரசனையைக் கெடுக்கும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை.

டான் ஹெர்ட்ஸ்ஃபெல்டின் ‘வேர்ல்ட் ஆஃப் டுமாரோ’ (2015) இன்னொரு வகை. உடன்பிறந்தவரின் நான்கு வயது மகள் வரைந்துகொண்டும் விளையாடிக்கொண்டும் இயல்பாகப் பேசியதைப் பதிவு செய்து, அதைச் சுற்றி எதிர்காலத்தைப் பற்றிய ஒரு கதையை அவர் எழுதினார். குச்சி மனிதர்கள்தான் பாத்திரங்கள். ஓவியத் திறமைக்கு மதிப்பெண் போடும் வழக்கம் இங்கே உடைந்துபோகும். குழந்தை சம்பந்தமில்லாமல் எதையோ சொல்கிறது. எதிரே நிற்கும் பெரியவள் மரணத்தையும் நினைவையும் பற்றிப் பேசுகிறாள். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் போவதில்தான் அதன் துக்கம் இருக்கிறது.

இப்போது கேம்கள். உங்கள் குறிப்புகள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கேமைப் படம் பார்ப்பது போல எழுதுகிறோம். கேமில் கதை திரையில் மட்டும் நடப்பதில்லை, கையிலும் நடக்கிறது. ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: என் கை என்ன செய்துகொண்டிருந்தது? அந்தச் செயலுக்கும் அப்போது மனதில் எழுந்ததற்கும் என்ன உறவு?

இதற்கு மிகச் சிறந்த பாடம் ‘வாட் ரிமெய்ன்ஸ் ஆஃப் ஈடித் ஃபின்ச்’ (2017) கேமில் வரும் மீன் தொழிற்சாலைப் பகுதி. லூயிஸ் என்ற இளைஞன் மீன்களின் தலையை வெட்டும் வேலை செய்கிறான். உங்கள் ஒரு கை மீனை எடுத்துக் கத்திக்குக் கீழே வைத்துத் தள்ளிவிட வேண்டும். திரும்பத் திரும்ப அதே அசைவு. சற்று நேரத்தில் அவனுடைய பகற்கனவு திரையின் ஓரத்தில் தொடங்குகிறது, அதில் வரும் சிறிய உருவத்தை உங்கள் மறு கை நடத்திச் செல்கிறது. கனவு வளர்கிறது, நிறம் பெறுகிறது, ஊர்களும் கடல்களும் வருகின்றன, கடைசியில் திரை முழுவதையும் மூடிவிடுகிறது. மீன் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆனால் உங்கள் கை வெட்டிக்கொண்டுதான் இருக்கிறது, நிறுத்த வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றவே இல்லை. ஒரு மனிதன் தன் உடலை வேலையில் விட்டுவிட்டு வேறெங்கோ போய்விடுவது எப்படி என்று எந்தப் படமும் நமக்குக் காட்டலாம். நம்மையே அதைச் செய்ய வைப்பது கேமால் மட்டுமே முடியும்.

ஜோசப் ஃபாரெஸின் ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ (2013) கேம் ஆடக் கையில் பிடிக்கும் கன்ட்ரோலரை இரண்டாகப் பிரிக்கிறது. இடப்பக்கக் குச்சி அண்ணன், வலப்பக்கக் குச்சி தம்பி. முதலில் எரிச்சலாக இருக்கும், இருவரும் முட்டிக்கொள்வார்கள். போகப் போக உங்கள் இரண்டு கைகளும் இரண்டு சகோதரர்களாகவே ஆகிவிடும். ஃபுமிட்டோ உவேதாவின் ‘ஐகோ’ (2001) இன்னும் எளிமையானது. யோர்டா என்ற பெண்ணின் கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒரு பட்டனை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விரலை எடுத்தால் அவள் கை நழுவிவிடும். பொறுப்பு என்பதை ஒரு பட்டனில் வைத்துவிட்டார்கள். லூகாஸ் போப்பின் ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013) உங்களை எல்லைச் சாவடி அதிகாரியாக உட்கார வைக்கிறது. மேசை வேண்டுமென்றே சிறியது, ஆவணங்கள் ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன, எத்தனை பேரைச் சோதித்தீர்களோ அதற்குத்தான் கூலி, வீட்டில் குடும்பம் காத்திருக்கிறது. எதிரே நின்று கெஞ்சும் மனிதரின் முகத்தைப் பார்க்க நேரம் இல்லை என்பதை நீங்களே உணர்வீர்கள். அங்கே ஆசிரியர் பேசுவது விதிகளின் வழியாக.

சிரமத்தைப் பற்றியும் நேர்மையாக எழுதுங்கள். ‘ரொம்பக் கடினம்’ என்பது போதாது. எந்த வகைக் கடினம்? ‘செலஸ்ட்’ (2018) மலையேறும் கேம், நூற்றுக்கணக்கில் செத்து விழுவீர்கள். ஆனால் அது உங்கள் பக்கம் நிற்கும் கேம். விளிம்பைத் தாண்டிக் கால் வெளியே போன பிறகும் சில பிரேம்கள் வரை குதிக்க அனுமதிக்கிறது. மறுபடி தொடங்க நொடிகூட ஆவதில்லை. வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளவும், சாகாமலே ஆடவும் வசதி இருக்கிறது. அந்த வசதியோடு ஆடினீர்கள் என்றால் அதையும் எழுதுங்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. ‘கப்ஹெட்’ (2017) வேறு மாதிரி. 1930களின் கார்ட்டூன் பாணியில் கையால் வரைந்த உருவங்கள் விநாடிக்கு 24 பிரேமில் அசைகின்றன, கேமோ 60 பிரேமில் ஓடுகிறது. அழகை ரசிக்க நேரம் தராமல் அடிக்கும் கேம் அது. அந்த ஓவியங்களை உட்கார்ந்து பார்க்க முடியாதது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

இனி சில நடைமுறை விஷயங்கள். எந்த மொழிக் குரலில் பார்த்தீர்கள் என்று குறியுங்கள். அமெரிக்கப் படங்களில் வழக்கமாகக் குரலை முதலில் பதிவு செய்து அதற்கேற்ப வாயசைவை வரைகிறார்கள். ஜப்பானில் பெரும்பாலும் வரைந்த பிறகு குரல் கொடுக்கிறார்கள். டப்பிங் குறித்த உங்கள் கருத்தை இது கொஞ்சம் மாற்றக்கூடும். கேம் என்றால் எந்த ஆண்டு, எந்தக் கருவியில் ஆடினீர்கள் என்பதும் வேண்டும். படம் வெளியான நாளில் இருந்தபடியே இருக்கும், கேம் மாறும். 2016இல் வெளியானபோது ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை ஆடி ஏமாந்தவரும், பல பேர் சேர்ந்து ஆடும் வசதி 2018இல் முழுமையாக வந்த பிறகு ஆடியவரும் இரண்டு வெவ்வேறு கேம்களைப் பற்றித்தான் பேசுகிறார்கள். முடிக்காத கேமைப் பற்றி எழுதலாம், எங்கே நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்று சொல்லிவிட்டால் போதும். முடிவை வெளியே விடாதீர்கள். மேலே நான் செய்தது போல முடிவுக்கு முன்னால் வரும் ஒரு பொருளைப் பற்றி எழுதினாலே படிப்பவருக்குப் படைப்பின் கனம் போய்ச் சேரும்.

மதிப்பெண் வேண்டாம் என்பது என் கட்சி. எட்டு நிமிடக் குறும்படத்துக்கும் நாற்பது மணி நேர கேமுக்கும் ஒரே நட்சத்திரங்களைப் பங்கிட்டுக் கொடுப்பதில் எந்த அர்த்தமும் இல்லை. அதற்குப் பதிலாக ஒன்றின் அருகில் இன்னொன்றை வையுங்கள். ‘ஃப்ளோ’ (2024) வசனமே இல்லாத முழுநீளப் படம். லாட்வியாவின் கின்ட்ஸ் ஸில்பலோடிஸ், இலவச மென்பொருளான பிளெண்டரில், காட்சிகளைப் படம் படமாகத் திட்டமிடும் ஸ்டோரிபோர்டை முன்கூட்டி வரையாமல் எடுத்தார். வெள்ளத்தில் ஒரு பூனை மற்ற விலங்குகளோடு படகில் போகிறது. உரோமம் அருகில் பார்த்தால் கரடுமுரடுதான். ஆனால் கேமரா வெட்டில்லாமல் பூனையின் பின்னாலேயே அலைவதும் அது காதைத் திருப்பும் நொடியும் அத்தனை உயிரோடு இருக்கின்றன. இதன் பக்கத்தில் ‘ஜர்னி’ (2012) கேமை வையுங்கள். அதிலும் பேச்சு இல்லை. பாலைவனத்தில் முன்பின் தெரியாத ஓர் ஆட்டக்காரர் உங்களோடு சேர்ந்து நடப்பார், ஓர் இசைக்குரல் எழுப்புவதைத் தவிர அவருக்கு எதையும் சொல்ல முடியாது, அவர் பெயர்கூடக் கடைசியில்தான் தெரியும். ஒன்றில் துணையைப் பார்க்கிறோம், மற்றதில் நாமே துணையாகிறோம். இந்த ஒப்பீட்டில் இரண்டுமே தெளிவாகும், ஐந்துக்கு நான்கு என்பதில் இரண்டுமே மறைந்துவிடும்.

அடுத்த குறிப்புக்கு ‘ஃப்ளாரன்ஸ்’ (2018) கேமை எடுத்துக்கொள்ளுங்கள். கைபேசியில் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு பெண்ணும் செல்லோ வாசிக்கும் கிரிஷும் சந்திக்கிறார்கள், அவர்கள் பேசுவதற்கு நீங்கள் பேச்சுக் குமிழுக்குள் துண்டுகளைப் பொருத்த வேண்டும். முதல் சந்திப்பில் துண்டுகள் அதிகம், பழகப் பழகக் குறைகின்றன. சண்டை வரும்போது அவை சிவந்து கூர்மையாகின்றன. கிரிஷ் அவள் வீட்டுக்குக் குடிவரும்போது அலமாரியில் எந்தப் பொருளை வைப்பது, எதை எடுத்து ஒதுக்குவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். கதையை எழுதாமல் அந்த அலமாரியை மட்டும் எழுதுங்கள்: யாருடைய பொருளை எடுத்தீர்கள், ஏன் என்று.